நீலத்துக்கு மஞ்சள்

அடிபட்ட தோலுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. முதல் நாள் சிவப்பு. அடுத்த நாள் நீலம். நாலாம் நாள் நீலம் கறுத்து ஊதாவாகும். ஏழு நாள் போய் ஒரு கிழமையானதும் ஓரங்கள் பச்சையாகும். பத்தாம் நாள் பழுத்த இலைபோல ஒரு மஞ்சள் மட்டும் மிஞ்சும். இரஞ்சிதம் இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அவளுடைய கணவர் அரியரத்தினம் அவள் கன்னத்திலும் மேற்கையிலும் மாறி மாறி எழுதிப் படிப்பித்தார்.

மறைப்பதை அவள் தானே கற்றுக்கொண்டாள். நீலத்தின்மேல் வெறும் பவுடர் போட்டால் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். முகக்கிரீமில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி, அதன்மேல் பவுடர் ஒற்றினால் நீலம் அடங்கிவிடும். மஞ்சள் பூசிய தமிழ்ப் பெண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மெல்பேர்ணின் ஓரத்தில் கிளேற்றனில், கணவரோடு வேலைசெய்யும் இந்திரகுமார் வீட்டுப் பூசைகளுக்கு அவள் அந்த முகத்தோடுதான் போய்வந்தாள். அப்படியும் யாராவது உற்றுப் பார்த்துவிட்டால், “குசினியிலை வழுக்கி விழுந்தனான்” என்பாள். மெல்பேர்ண் முழுவதும் அன்றைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். அத்தனை பேரும் அந்தச் சமையலறைத் தரையை நம்பினார்கள், அல்லது நம்புவதுதான் மரியாதை என்று இருந்தார்கள்.

அரியரத்தினம் கொழும்பில் ஒரு கந்தோரில் பதினெட்டுப் பேருக்கு மேலதிகாரியாக இருந்தவர். எழுபத்து மூன்றில் இங்கே வந்த பிறகு தபாற்கந்தோரில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. ஃபோர்மன் அவருடைய பெயரை வாய்க்குள் அடங்காதென்று வெட்டி ‘ஹரி’ ஆக்கினான். ஃபோர்மனை அடிக்க முடியாது. வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஆனால் காரணம் சொல்லி அந்த மனிதரைத் தப்பவிட வேண்டாம். அதே இடத்தில் பக்கத்து மேசையில் இந்திரகுமாரும்தான் கடிதம் பிரித்தார். அவரையும் ‘இன்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வீட்டில் ஒரு கோப்பை உடைந்ததாகக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை.

பிரன்ஸ்விக்கில் ஒரு தையல் ஃபக்டரியில் கிரேக்கப் பெண்களோடு இரண்டு வருடம் காற்சட்டைக்கு சிப் வைத்தாள் இரஞ்சிதம். அவர்களில் ஒருத்தியின் மாமி சிற்றியில் ஒரு பழைய தியேட்டரில் உடுப்புப் பொறுப்பாளர். கை சுத்தமான தையல்காரி வேண்டும் என்று மாமி கேட்க, மருமகள் இரஞ்சிதத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கேதான், எழுபத்தாறாம் ஆண்டு ஓகஸ்ற் மாதம், அடெலா மெரிக் வந்து சேர்ந்தாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் இரஞ்சிதத்துக்குக் கை ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வயதில் தமக்கையோடு பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்த ஹொலிவூட் படத்தில், பளிங்குப் படிகளில் இறங்கியபடி, கண்ணாடி கீறுவதுபோன்ற உச்சக் குரலில் பாடியவள் இவள்தான். இப்போது வயது ஐம்பத்து நாலு. சிட்னியில் பியரும் சூதாட்ட இயந்திரங்களும் நிறைந்த கிளப்புகளில் பாடி முடித்துவிட்டு, மெல்பேர்ணில் ஆறு கிழமை பழைய படப் பாட்டுகள் பாட வந்திருந்தாள். கூடவே கணவன் டியூக் ஹாலரன். அவளுக்கு மனேஜரும் அவன்தான். ஒவ்வொரு காட்சியும் தொடங்கமுன் வெள்ளைக் கோட்டோடு மேடையேறி, “இதோ என் மனைவி” என்று கையை விரித்து அறிமுகம் செய்வான். பிறகு கீழே இறங்கி, பக்கக் கதவடியில் கைகட்டி நின்று முழுப் பாட்டும் பார்ப்பான். சபை அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்து உருகும். எப்பேர்ப்பட்ட புருஷன் என்று.

முதல் நாள் கவுணைக் கழற்றியபோதே இரஞ்சிதம் கண்டுவிட்டாள். மேற்கையில் நாலு விரலும் ஒரு பெருவிரலும். இரண்டாம் நாள் நீலம்.

அவள் கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, கிரீமில் மஞ்சள்தூளைக் குழைத்து, மெதுவாகப் பூசினாள். அடெலா கண்ணாடியில் தன் கை வெளுத்து வருவதைப் பார்த்தாள். பிறகு இரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நாள், தோள் திறந்த நாலு கவுண்களுக்கும் நீண்ட கையும் உயர்ந்த கழுத்தும் வைத்துத் தரமுடியுமா என்று மட்டும் கேட்டாள். இரஞ்சிதம் அதே நிறச் சரிகைத் துணியில் வெட்டி, தேவையென்றால் ஒரே இழுவையில் உருவி எடுக்கக்கூடிய ஓட்டுத் தையலில் பிடித்துக் கொடுத்தாள்.

பாட்டுக்காரிக்குக் கவுண் மாட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. முதுகில் இருபத்திரண்டு கொளுக்கி. அவள் மூச்சை அடிவயிறுவரை இழுத்து, விலா விரிந்து நிற்கிற அந்தக் கணத்தில்தான் கொளுக்கிகளைப் பூட்டவேண்டும். மூச்சை விட்ட நேரத்தில் பூட்டினால் உடம்புக்கு அழகாக இருக்கும், பாட்டுக்கு இடமிருக்காது. இரஞ்சிதம் பின்னால் நின்று, “இழுங்கோ” என்பாள். அடெலா இழுப்பாள். அந்த முதுகு விரிவதை நாள்தோறும் விரல் நுனியில் அளந்ததால், அவளுடைய மூச்சு எவ்வளவு என்று அவளைக் கட்டியவனைவிட இரஞ்சிதத்துக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கொளுக்கி பூட்டுகிற நேரத்தில் அடெலா தன் கதையைச் சொல்லுவாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் இரஞ்சிதத்தின் மனதில் தமிழாகத்தான் தங்கியது.

“என்ரை அப்பருக்கு நிலக்கரிச் சுரங்கத்திலை வேலை. பெல்ற்றாலை அடிப்பார். நான் கத்தினால் தெருக்கோடி மட்டும் கேட்கும். தேவாலயத்துப் பாட்டு மாஸ்ரர் அதைக் கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டவர்.”

பதினாறு வயதில் ஸ்ரூடியோ ஏழு வருட ஒப்பந்தம் எழுதியது. கன்னம் ஒட்டித் தெரியவேண்டும் என்று நல்ல கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கினார்கள். மெலிய ஒரு மாத்திரை, நித்திரைக்கு ஒரு மாத்திரை, எழும்ப ஒரு மாத்திரை. அழுகிற காட்சி ஒன்றில் கண்ணீர் வரவில்லையென்று டைரக்டர் கன்னத்தில் அறைந்தான். கமரா சரியாக ஓடவில்லை. இன்னொருமுறை. பதினொரு முறை அறைந்து எடுத்த அந்தக் காட்சிக்குத்தான் பத்திரிகைகள் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. மொத்தம் பதின்மூன்று படம். முதல் கணவன் வாத்தியக் குழு நடத்துகிறவன், சுருதி பிசகினால் கையில் அகப்பட்டதை எறிவான். பிறகு பாட்டுப் படங்களின் காலம் போனது. ஸ்ரூடியோக்காரர் ஒரு கடிதத்தோடு முடித்துக்கொண்டார்கள். டெலிவிஷன், சூதாட்ட ஊர்களின் ஹோட்டல்கள், கடைசியில் ஹாலரன்.

“பாட்டை மட்டும் ஒருத்தரும் தொடேலை,” என்று சொல்லுவாள். “தொண்டையிலை அடிச்சால் தங்கடை சோறு போயிடும் எண்டு எல்லாருக்கும் தெரியும்.”

இரஞ்சிதம் பதிலுக்குத் தன் கதையைச் சொன்னதில்லை. தன் முகத்துக்கும் காலையில் பூசிவிட்டுத்தான் ரெயில் ஏறுவாள். இரண்டு பேருக்கும் ஒரே டப்பா.

நாலாவது கிழமை, ஹோட்டலில் பக்கத்து அறைக்காரர் யாரோ பொலிசுக்கு அறிவித்துவிட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் ஒரு இளம் கொன்ஸ்ரபிள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பனை அறைக்கு வந்தான். அதற்குச் சரியாகப் பத்து நிமிடத்துக்கு முன்தான் இரஞ்சிதம் வேலையை முடித்திருந்தாள். கழுத்திலிருந்த கைத்தடம், தாடையிலிருந்த நீலம், இரண்டு மேற்கைகளும். அன்றைக்கு மஞ்சள் அச்சொட்டாகப் பிடித்திருந்தது.

ஹாலரன் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றான். கொன்ஸ்ரபிள் அடெலாவை வெளிச்சத்துக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தான். “ஒண்டும் இல்லையே, மேடம்,” என்றான். அடெலா அன்றைக்குச் சொல்லத்தான் இருந்தாள். வாய் திறந்தது. அவளுடைய கண் கண்ணாடி வழியாக இரஞ்சிதத்திடம் வந்தது. ஈரத் துணியை எடுத்து ஒரு துடை துடைத்தால் போதும். இரஞ்சிதம் பவுடர்ப் பஞ்சைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தாள். புருஷன் பெண்சாதி விஷயம். நான் ஆர். அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு தன்னை அவள் மன்னிக்கவேயில்லை.

“வீட்டுச் சண்டைதான், நாங்கள் தலையிடுறேல்லை,” என்று சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சிக்குக் கவுண் மாட்ட இரஞ்சிதம் பின்னால் நின்றாள். “இழுங்கோ” என்றாள். முதுகு விரியவில்லை. இருபத்திரண்டு கொளுக்கியையும் பூட்டிய பிறகும் கவுணுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி இருந்தது. இரஞ்சிதம் வலப்பக்க விலாவை மெல்லத் தொட்டாள். அடெலா மேசையின் விளிம்பைப் பிடித்தாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது.

“எத்தினை?” என்று கேட்டாள் இரஞ்சிதம்.

“இரண்டு முறிஞ்சிருக்கும். சப்பாத்துக் காலாலை. ராத்திரி, காட்சி முடிஞ்சு போன கையோடை. பொலிஸ் வந்ததுக்கெண்டு.” சின்னச் சின்ன மூச்சாக எடுத்துச் சொன்னாள். “பூசு. நேரமாகுது. பாடாட்டில் இண்டைக்குக் கொன்று போடுவன் எண்டவன்.”

பாடினால் முறிந்த எலும்பு நுரையீரலுக்குள் போகலாம். பாடாவிட்டால் அவன். அடுத்த கிழமை இந்தப் பெண் உயிரோடு இருப்பாளா என்பது இரஞ்சிதத்துக்குத் தெரியவில்லை. ஆனால் அவளைக் காணவந்த பொலிஸ்காரனின் கண்ணைக் கட்டியது யார் என்பது தெரிந்தது.

“நான் இண்டைக்குப் பூசமாட்டன்,” என்றாள்.

அடெலா திரும்பி அவளை ஓங்கி அறைந்தாள். ஆயுள் முழுக்க அடி வாங்கிய கைக்கு அறையவும் தெரிந்திருந்தது. “மூடுறதுக்குத்தான் உன்னை வச்சிருக்கு,” என்றாள்.

இரஞ்சிதம் அசையவில்லை. ஈரத்துணியை எடுத்தாள். தன் இடது கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் மஞ்சள் வந்தது. கன்னத்தில் நாலாம் நாள் ஊதா வெளியே வந்தது, கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம்வரை. அடெலா அதை நெடுநேரம் பார்த்தாள். அறைந்த கையால் அதைத் தொடவந்தாள், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு இரஞ்சிதத்திடமிருந்து துணியை வாங்கித் தன் கழுத்தைத் தானே துடைக்கத் தொடங்கினாள்.

ஓட்டுத் தையலை உருவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீண்ட கைகளும் உயர்ந்த கழுத்தும் இரஞ்சிதத்தின் கையோடு வந்துவிட்டன. மிஞ்சியது தோள் திறந்த பழைய கவுண்.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை என்றால் இந்த ஊர் ஆண்கள் முழுப்பேரும் ஃபுட்போல் இறுதிச் சுற்றுக்குப் போய்விடுவார்கள். அன்றைய சபையில் கிட்டத்தட்ட எல்லாம் பெண்கள்தான், அதுவும் தொப்பியும் கையுறையும் போட்ட வயதான பெண்கள். ஹாலரன் மேடையேறி, கையை விரித்து, “இதோ என் மனைவி” என்றான். இறங்கித் தன் இடத்தில் போய்க் கைகட்டி நின்றான். திரை விலகி விளக்கு விழுந்தது.

கழுத்தைச் சுற்றிக் கறுத்த விரல்கள். தோள்களில் பச்சையும் ஊதாவும். தாடை வீங்கி ஒரு பக்கம். முன்வரிசையில் யாரோ தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது, திரைக்கரையில் நின்ற இரஞ்சிதத்துக்குக் கேட்டது. வாத்தியக்காரர்கள் வாசிக்க மறந்தார்கள். அடெலா தலையை அசைத்து அவர்களைத் தொடங்கச் சொன்னாள்.

பாடினாள். மாடிப்படி ஏறுகிறவள்போல ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் பாடினாள். உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் நின்றாள். விலாவில் கையை வைத்தாள். மேலே போகவில்லை. யாரும் கைதட்டவில்லை. மூன்றாம் வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு கிழவி எழும்பி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு வரிசை வரிசையாக எழும்பி, எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். பக்கக் கதவடியில் வெள்ளைக் கோட்டு நின்றது. அதுவரை அவனைப் பார்த்து உருகிய அதே முகங்கள்தான்.

ஹாலரன் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். மேடைக்குப் போக முடியாது, ஆயிரம் கண். ஒப்பனை அறைக்குப் போனான். உருவிய துணியை வைத்துவிட்டு அடெலாவுக்குக் கோட்டு எடுத்துவர இரஞ்சிதம் அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். அவள் கையில் அந்தச் சரிகைக் கைகளை அவன் கண்டான்.

அவளுடைய கொண்டையைப் பிடித்து முகத்தைக் கண்ணாடியில் மோதினான். விளக்குக் குமிழ் இரண்டு வெடித்தன. இன்னொருமுறை மோதினான். இரஞ்சிதத்தின் வாய்க்குள் இரத்தமும் கண்ணாடித் தூளும் வந்தன. அரியரத்தினம் அடிக்கும்போது அவள் கையைத் தூக்கி முகத்தை மறைப்பாள், அதற்குமேல் ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்குக் கை மேசையில் தேடியது. துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் அகப்பட்டது. பின்னுக்குத் திரும்பிப் பாராமலே அவன் தொடையில் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான். அவள் வெளியே பாய்ந்தபோது அவன் கதவை அறைந்து சாத்தினான். அவளுடைய வலது கை கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தது. அது தெரிந்தும் இரண்டாம் முறையும் சாத்தினான்.

மேடைத் தொழிலாளர் நாலு பேர் அவனை நிலத்தில் அமுக்கினார்கள். பொலிஸ் வந்தது. அதே இளம் கொன்ஸ்ரபிள்தான். அவன் இப்போது ஹாலரனுக்கு விலங்கு மாட்டினான். எதற்கென்று நினைக்கிறீர்கள்? மனைவியின் விலாவுக்கு அல்ல. அது அப்போதும் வீட்டுச் சண்டைதான். தியேட்டர் ஊழியர் ஒருத்தியின் மூன்று விரலை நசுக்கியதற்குத்தான் அவன் உள்ளே போனான். சட்டத்துக்கு அன்றைக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.

அடெலா விலாவைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குத் தனியே விமானம் ஏறினாள். போகமுன் ஆஸ்பத்திரிக்கு வந்து, இரஞ்சிதத்தின் கட்டுப் போட்ட கைக்கருகில் ஒரு மணித்தியாலம் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் மேடையேறவில்லை. தான் பிறந்த சுரங்க ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதாகக் கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையொன்று வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் இரஞ்சிதத்தின் கன்னத்தைப் பார்த்தாள். “இது அந்தக் கண்ணாடி செய்ததில்லை, பழசு,” என்றாள். வேறொன்றும் கேட்காமல் ஒரு துண்டில் ரெலிபோன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். அடிக்குத் தப்பி வருகிற பெண்களை வைத்திருக்கும் ஒரு வீடு, விலாசம் யாருக்கும் சொல்லமாட்டார்கள். இரஞ்சிதம் அதைக் கைப்பையின் அடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் அரியரத்தினம் பேப்பரை மேசையில் எறிந்தார்.

“மிஸிஸ் அரியரத்தினம் எண்டு போட்டிருக்கிறாங்கள். என்ரை பேர். வேலையிலை எல்லாரும் வாசிச்சவங்கள். உமக்கு உந்த வெள்ளைக்காரியின்ரை சோலி ஏன்?”

“அவளை அவன் கொன்றிருப்பான்.”

“அது அவன்ரை பெண்சாதி,” என்றார் அரியரத்தினம். கட்டுப் போட்ட கையைப் பிடித்துத் திருகினார். இரஞ்சிதம் முழந்தாளில் விழுந்தாள். பிறகு கன்னத்தில், பழைய காயம் இன்னும் ஆறாத அதே இடத்தில் அறைந்தார். எழும்பச் சொல்லி அறைந்தார், எழும்பியதற்கும் அறைந்தார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் இரஞ்சிதம் தெருக்கோடி ரெலிபோன் பெட்டிக்குள் நின்று இடது கையால் நம்பரைச் சுழற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளேற்றனில் இந்திரகுமார் வீட்டில் சரஸ்வதி பூசை. ஹோலில் முப்பது நாற்பது பேர். அரியரத்தினமும் வெள்ளை வேட்டியோடு இருந்தார். இரஞ்சிதம் திரும்பவும் ஆஸ்பத்திரியில் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். தேவாரம் முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரத்தில் இரஞ்சிதம் பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே நுழைந்தாள். முகத்தில் குங்குமம் மட்டும்தான். மஞ்சள் இல்லை, பவுடர் இல்லை. கண்ணாடி கீறிய காயத்தின்மேல் புது அடியின் ஊதா. நாலாம் நாள்.

வீட்டுக்காரி, இந்திரகுமாரின் மனைவி சந்திரகலா, சுண்டல் தட்டோடு முன்னால் வந்தாள். மானத்தைக் காப்பாற்றவேண்டியது வீட்டுக்காரியின் வேலையல்லவா. வழக்கமான வாசலை அவளே திறந்துவிட்டாள்.

“என்னக்கா, குசினியிலை வழுக்கி விழுந்தனீங்களோ?”

“இல்லை,” என்றாள் இரஞ்சிதம். “இவர் அடிச்சவர். மூண்டு வருஷமா அடிக்கிறவர். நான் இப்ப அந்த வீட்டிலை இல்லை. அடி வாங்கின பொம்பிளையளுக்கு இஞ்சை ஒரு வீடு இருக்கு. அங்கை இருக்கிறன்.”

அரியரத்தினம் பாதி எழும்பினார். நாற்பது முகம் அவர் பக்கம் திரும்பியது. எழும்பிய மனிதர் கதிரையில் திரும்ப இருந்தார். இந்திரகுமார் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திரகலா தட்டை வைத்துவிட்டு, இரஞ்சிதத்தின் முழங்கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தி, கேத்திலில் தண்ணீர் பிடிப்பதற்குக் குனிந்தாள். சேலைத் தலைப்பு விலகியது. பிடரிக்குக் கீழே, தாலிக்கொடி ஓடுகிற இடத்தில், மஞ்சள் அப்பியிருந்தது. தொழில் தெரியாத கை. திட்டுத் திட்டாக, நீலம் ஓரத்தில் தெரியத் தெரியப் பூசியிருந்தது. பக்கத்து மேசையில் கடிதம் பிரிக்கிற இந்திரகுமார் வீட்டில் கோப்பை உடைந்ததில்லைதான்.

குழாயை நிறுத்தாமல், திரும்பாமல், சந்திரகலா கேட்டாள்:

“அந்த வீட்டிலை பிள்ளையளையும் எடுப்பினமோ, அக்கா?”

“ஓம், எடுப்பினம்,” என்றாள் இரஞ்சிதம். கைப்பையை மேசையில் வைத்து, இடது கையால் அதன் அடியில் கிடந்த ரெலிபோன் நம்பர்த் துண்டைத் தேடத் தொடங்கினாள்.